கோடும் பிளவும்: செயற்கைக்கோள் படத்தை வாசிப்பது குறித்து

வரைபடம் என்பது அதிகாரத்தின் பிரதி என்று நம் சிற்றிதழ்களில் நிறைய எழுதியாயிற்று. காலனியம் நிலத்தை அளந்தது, அளந்ததன் மூலமே தனதாக்கிக்கொண்டது என்ற வாதம் இப்போது கல்லூரி வகுப்பறை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. வாதத்தில் தப்பில்லை. ஆனால் அதோடு நின்றுவிடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. கோடு எப்படி அங்கே வந்தது, எதைப் பார்த்துப் போட்டார்கள், வேறொருவர் போட்டிருந்தால் அதே இடத்தில் போட்டிருப்பாரா என்ற கேள்விகளுக்குள் நுழையாமலேயே தீர்ப்புச் சொல்லிவிடலாம். அரசியல் எல்லைக்கோட்டுக்கு அது போதும். மனிதன் போட்ட கோடு, மனிதன் அழித்தால் அழியும். பாறைக்குள் ஓடும் பிளவுக்குப் போடும் கோடு வேறு ஜாதி. அதையும் மனிதன்தான் போடுகிறான், ஆனால் தப்பாக வாசித்தால் மண்ணே ஒருநாள் பதில் சொல்கிறது. பிரதிக்கு வெளியே எதுவுமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும் நமக்கு இது கொஞ்சம் தர்மசங்கடமான இடம்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. அணை, அணுஉலை, குவாரி என்று போராடும் நண்பர்கள் கையில் இன்று செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. 'இதோ பாருங்கள், பிளவு இந்த வழியாகத்தான் போகிறது' என்று படத்தில் ஒரு கோட்டைக் காட்டுகிறார்கள். எதிர்த்தரப்பு நிபுணரும் அதே படத்தைக் காட்டி 'ஒன்றுமே இல்லையே' என்கிறார். இரண்டு பேருமே படம் தானாகப் பேசும் என்று நம்புகிறார்கள். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பாடபேதம் பார்த்துப் பழகியவனுக்கு இது அவ்வளவு அந்நியமான தொழில் இல்லை.

முதலில் 'படம்' என்ற சொல்லையே சந்தேகிக்க வேண்டும். 1972 ஜூலை 23 அன்று அமெரிக்கா அனுப்பிய, பின்னால் லேண்ட்சாட்-1 என்று பெயர் மாற்றப்பட்ட கோள் சுமார் 900 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. அதிலிருந்த முக்கியமான கருவி நாம் அறிந்த காமிராவே அல்ல. ஒரு கண்ணாடி இப்படியும் அப்படியும் ஆடி, கீழேயுள்ள நிலத்தைத் துண்டு துண்டாகத் தடவிச் செல்லும். ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 80 மீட்டர். அந்தத் துண்டிலிருந்து பச்சை, சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் இரண்டு என நான்கு அலைவரிசைகளில் எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்பது எண்ணாகப் பதிவாகும். வந்து சேர்வது எண்களின் அட்டவணை, அவ்வளவுதான் சமாச்சாரம். அகச்சிவப்பை அச்சில் சிவப்பாகக் காட்டுவோம் என்று முடிவெடுத்ததால்தான் அந்தக் காலத்துப் படங்களில் காடும் வயலும் ரத்தச் சிவப்பில் தெரிகின்றன. தொழிலிலேயே இதற்குப் 'பொய் வண்ணம்' என்று பெயர். பெயரிலேயே ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது. நாம் கஷ்டப்பட்டுக் கட்டுடைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் 185 கிலோமீட்டர் அகலமுள்ள நிலம் ஒரே தாளில், ஒரே சூரிய ஒளியில் கிடைத்தது முன்பு யாருக்கும் வாய்க்காத விஷயம். பாறைமேல் நிற்கும் நிலவியலாளருக்கு அந்தப் பாறை தெரியும், பக்கத்துக் குன்று தெரியும். ஆயிரம் கிலோமீட்டர் நீளமுள்ள பிளவின்மேல் நிற்கிறோம் என்பது தெரியாது. பிளவுப்பெயர்ச்சி என்று நம் பாடநூல்கள் சொல்லும் ஃபால்ட், வெறும் விரிசல் அல்ல. அதன் இரண்டு பக்கத்துப் பாறையும் ஒன்றுக்கொன்று நகர்ந்திருக்க வேண்டும். விரிசலைக் கண்ணால் பார்க்கலாம். நகர்ந்ததை ஊகித்துத்தான் அறிய வேண்டும்.

அந்த ஊகத்தின் மிகச் சிறந்த உதாரணம் 1975 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. எழுதியவர்கள் பீட்டர் மோல்னார் என்ற அமெரிக்கரும் பால் தப்போனியே என்ற பிரெஞ்சுக்காரரும். இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதி நாலைந்து கோடி ஆண்டுகளாகியும் முட்டிக்கொண்டே இருக்கிறது. இமயமலை அதனால் எழுந்தது என்பது தெரியும். மோதலின் வடக்குப் பக்கம், திபெத்திலும் சீனாவிலும் என்ன நடந்தது? கலாச்சாரப் புரட்சிக் காலத்துச் சீனாவுக்குள் மேற்கத்திய நிலவியலாளர் சுத்தியலோடு போக முடியாது. இவர்கள் லேண்ட்சாட் படங்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். திபெத் பீடபூமியின் வடக்கு விளிம்பில், தக்லமக்கான் பாலைவனத்தை ஒட்டி, 1,500 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரு நேர்க்கோடு. அல்த்தின் தாக் பிளவு. ஆசியாவே தன்னை முட்டும் இந்தியாவுக்கு இடம் விட்டுக் கிழக்குப் பக்கமாக நழுவுகிறது என்று அந்தக் கோட்டையும் அதன் சொந்தக்காரக் கோடுகளையும் வைத்து வாதிட்டார்கள்.

அது பிளவு என்று எப்படித் தெரிந்தது? நேராக இருப்பது மட்டும் போதாது. ரயில் பாதையும் நேராகத்தான் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கோட்டைத் தொட்டதும் வரிசையாக ஒரே பக்கம் திரும்பி, கொஞ்ச தூரம் கோட்டோடு ஓடி, பிறகு மறுபடி இறங்கினால் நிலம் நகர்ந்ததென்று கொள்ளலாம். ஒரே ஓடை திரும்பினால் ஓடையின் இஷ்டம். பத்து ஓடை ஒரே பக்கம் திரும்பினால் அது ஓடையின் இஷ்டமல்ல. மலைச்சரிவின் கால்கள் கத்தியால் வெட்டினாற்போல் வரிசையாக முக்கோண முகம் காட்டி நிற்கும். அரைபட்ட பாறை நிலத்தடி நீரை மறித்து மேலே தள்ளுவதால் பாலையில் ஊற்றுகளும் புதர்களும் வரிசை கட்டும். பொய் வண்ணத்தில் அது சிவப்புப் பொட்டுகளாகத் தெரியும். ஏட்டுச் சுவடியில் ஒரு எழுத்து பிறழ்ந்திருப்பதைப் பிழை என்று தள்ளலாம், ஒரே வகைப் பிறழ்ச்சி ஏடு ஏடாக வந்தால் மூலத்தில் ஏதோ நடந்திருக்கிறது என்கிறோமே, கிட்டத்தட்ட அதே தர்க்கம்.

இந்த வாசிப்பும் படத்தை மட்டும் நம்பி நிற்கவில்லை. எந்தப் பக்கம் எப்படி நகர்கிறது என்பதை நிலநடுக்க அலைப் பதிவுகளோடு ஒத்துப்பார்த்தார்கள். அந்தப் பதிவுகள் வந்தது 1960களில் அமெரிக்கா உலகெங்கும் நிறுவிய ஒரே மாதிரியான நிலநடுக்கமானிகளின் வலையிலிருந்து. அதற்குப் பணம் ஒதுக்கியதன் முக்கிய நோக்கம் எதிரி நாட்டின் நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிப்பது. ஆக, அதிகாரம் இங்கேயும் இருக்கிறது; ஒளித்துக்கொள்ளாமலே இருக்கிறது. ராணுவக் காரணத்துக்காகப் பிறந்த கருவி, மூடப்பட்ட ஒரு நாட்டின் பூமியை வெளியிலிருந்து பார்க்க உதவியது. ஆனால் அந்த நாட்டு மண்ணைப் பற்றிய அறிவு இவர்களோடு பிறந்ததல்ல. 1920இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற ஹைய்யுவான் நிலநடுக்கத்துக்குப் பின், மறு ஆண்டே வெங் வென்ஹாவ் உள்ளிட்ட சீன நிலவியலாளர்கள் இடிபாடுகளுக்குள் நடந்து ஆய்வு செய்திருந்தார்கள். செயற்கைக்கோளின் வரலாற்றை மட்டும் எழுதுகிறவர்கள் இந்த நடையை விட்டுவிடுகிறார்கள்.

பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். படம் தூரத்தைத்தான் கொடுக்கும், காலத்தைக் கொடுக்காது. ஓடை நூறு மீட்டர் விலகியிருக்கிறது என்று படத்தில் அளக்கலாம். அது ஆயிரம் வருஷத்தில் விலகியதா பத்தாயிரம் வருஷத்திலா என்று படத்தைக் கேட்க முடியாது. 1989இல் தப்போனியே தரப்பினர் நுட்பமான பிரெஞ்சு ஸ்பாட் படங்களில் விலகலை அளந்து, அந்த நிலவடிவங்கள் பனியுகம் முடிந்த பிறகு உண்டானவை என்று வைத்துக்கொண்டு, அல்த்தின் தாக் வருஷத்துக்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் நகர்கிறது என்றார்கள். பின்னால் தரையில் ஜி.பி.எஸ். கருவிகளை ஊன்றி அளந்தபோது சுமார் 1 சென்டிமீட்டர்தான் வந்தது. வேகமாக நகர்ந்தால் ஆசியா கெட்டியான பாளங்களாக நழுவுகிறது என்று ஆகும். மெதுவாக என்றால் நிலம் மொத்தமாகப் பிசைந்து தடிப்பதே பிரதானம் என்று ஆகும். 1975இல் சேர்ந்து எழுதிய இருவரும் பிற்பாடு இந்தக் கேள்வியில் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். பிளவு அங்கேயேதான் இருக்கிறது.

இந்தக் கூட்டு வாசிப்பின் வெற்றிக்குப் பின்னால் ஒரு மோகம் கிளம்பிற்று. படத்தில் நேராகத் தெரிகிற எதையும் 'லினியமென்ட்' என்று குறிப்பது. 1904இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்க நிலவியலாளர் கொண்டுவந்த பழைய சொல்தான். 1970களில் அதற்கு மறுவாழ்வு. லினியமென்ட் என்பது பிளவு என்று பொருளல்ல. நேராகத் தெரிகிற ஏதோ ஒன்று, அவ்வளவே. பிளவாக இருக்கலாம், பாறை அடுக்கின் விளிம்பாக இருக்கலாம், நகராத விரிசலாக இருக்கலாம், வேலியாகக்கூட இருக்கலாம். 1975இல் நாசா சார்பில் நடந்த ஒரு சோதனையில் நான்கு பேரிடம் ஒரே லேண்ட்சாட் படத்தைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னார்கள். நான்கு பேரும் சேர்ந்து கண்ட கோடுகள் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வாசகர்தான் பிரதியை உற்பத்தி செய்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரத்தை நம் கோட்பாட்டாளர்கள் யாரும் தரவில்லை. டொனால்ட் வைஸ் என்ற நிலவியலாளர் 1982இல் அமெரிக்க நிலவியல் சங்க இதழிலேயே இந்தக் கோடு போடும் கலையைக் கிண்டல் பண்ணிக் கட்டுரை எழுதினார். சொந்த ஜாதியையே நக்கல் பண்ணுகிற இந்தத் தைரியம் விமர்சகர்களுக்கு அவ்வளவாக வாய்ப்பதில்லை.

சூரியனுக்கும் இதில் பங்குண்டு. லேண்ட்சாட் காலை ஒன்பதரை மணி வாக்கில் கடக்கும். வட கோளத்தில் அப்போது வெயில் தென்கிழக்கிலிருந்து விழும். அதற்குக் குறுக்கே ஓடும் மேடுகள் நிழல் தள்ளிப் பளிச்சென்று நிற்கும். வெயிலோடு இணையாக ஓடுபவை மங்கிப்போகும். அடுத்த படமும் அதே வேளையில்தான் எடுக்கப்படும் என்பதால் பாரபட்சம் தொடரும்.

எரிமலைப் பாறைகளை வாசிப்பது வேறு மாதிரி. அங்கே கோட்டைவிட நிறம் பேசுகிறது. பசால்ட் கருப்பு, எல்லா அலைவரிசையிலும் கொஞ்சமாகவே ஒளியைத் திருப்பும். இரும்பு துருவேறியிருந்தால் நீலத்தை விழுங்கிச் சிவப்பைத் திருப்பும். எரிமலையின் சூடான நீரும் ஆவியும் பாறையைக் களிமண்ணாக்கியிருந்தால் 2.2 மைக்ரான் அலைநீளத்தில் ஒரு பள்ளம் விழும். சிலிக்கா எவ்வளவு என்பது வெப்ப அகச்சிவப்பில், 8 முதல் 12 மைக்ரானுக்குள் தெரியும். 1999 டிசம்பரில் போன ஆஸ்டர் கருவியில் இதற்கென்றே ஐந்து அலைவரிசைகள் வைத்தார்கள். ஆனால் எல்லாமே மேல்தோல் விவகாரம். பாறைமேல் ஒரு விரற்கடை மண் படிந்தால் கருவி மண்ணைத்தான் பார்க்கும். அதனால்தான் வறண்ட ஆண்டிஸ் மலை இந்தத் தொழிலுக்குச் சொர்க்கமாயிற்று. பீட்டர் ஃபிரான்சிஸ், ஷனக டி சில்வா போன்றவர்கள் 1980களில் அங்கே லேண்ட்சாட் படங்களைக் கொண்டு உயிருள்ள எரிமலைகளைக் கணக்கெடுத்தார்கள். பனியாறு செதுக்கிய தழும்பு இல்லாத கூம்பு என்றால் பனியுகத்துக்குப் பின் வளர்ந்தது, அதாவது இன்னும் சாகாதது.

அங்கே சோகொம்பா என்ற எரிமலை. சிலி – அர்ஜென்டினா எல்லையில். அதன் அடிவாரத்தில் சுமார் 500 சதுர கிலோமீட்டருக்குப் பாறைக்குப்பை இறைந்து கிடக்கிறது. படத்தில் நன்றாகவே தெரியும். வேறு வகை எரிமலைப் படிவு என்றுதான் நினைத்திருந்தார்கள். 1980 மே 18இல் அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் ஒரு பக்கமே சரிந்து விழுந்ததை உலகம் பார்த்தது. அதன் பிறகுதான் சோகொம்பாவின் குப்பையும் ஒரு மலைப்பக்கம் முழுசாக இடிந்து ஓடியதன் சுவடு என்று வாசிக்க முடிந்தது. 1985இல் 'ஜியாலஜி' இதழில் எழுதினார்கள். படம் மாறவில்லை. பக்கத்தில் வைத்துப் படிக்க இன்னொரு பிரதி கிடைத்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ஆண்டிஸில் எரிமலைப் பாறை எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது என்றால், தக்காணத்தில் அதே பாறை மறைத்து வைத்தது. மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியையும் அக்கம்பக்கத்தையும் மூடி ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டரில் கிடக்கும் பசால்ட், 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஓட்டம் ஓட்டமாகக் கொட்டி உறைந்தது. படிக்கட்டு போன்ற அதன் சரிவுகள் செயற்கைக்கோள் படத்தில் அழகாக வரும். தொலையுணர்வுப் பாடப்புத்தகத்துக்கு ஏற்ற பாறை. அதன்மேல் கரிசல் மண். அதன் அடியில் என்ன? 1993 செப்டம்பர் 30 விடியற்காலை நாலு மணிக்குச் சற்று முன்பு, பிள்ளையார் கரைத்துவிட்டு வந்து படுத்த இரவின் முடிவில், லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரி குலுங்கியது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனத்த கூரை வீடுகள். ஏறக்குறைய பத்தாயிரம் பேர் செத்தார்கள். அளவு 6.2; உலகக் கணக்கில் பெரிய நடுக்கமே அல்ல. அன்றைய நிலநடுக்க மண்டல வரைபடத்தில் அந்த வட்டாரம் ஒன்றாம் மண்டலம், அதாவது ஆபத்து மிகக் குறைந்த இடம்.

பிற்பாடு துளையிட்டுப் பார்த்தபோது கில்லாரியில் பசால்ட் போர்வை 338 மீட்டர் கனம் என்று தெரிந்தது. அதற்கும் கீழே, பழம்பாறைக்குள் இருந்தது பிளவு. மேலே அது காட்டிய அடையாளம் வயல்களில் ஆங்காங்கே தட்டிய சின்ன மேடு. உயரம் ஒரு மீட்டருக்குள். ஒரு துண்டுக்கு 80 மீட்டர், 30 மீட்டர் என்று பார்க்கிற கருவிக்கு இது எங்கே தெரியப்போகிறது? நடுக்கத்துக்குப் பின் படங்களை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெர்ணா ஆற்றங்கரையிலும் சுற்றிலும் லினியமென்ட்கள் கிடைத்தன. நடுக்கத்துக்குப் பின் எந்த ஊர்ப் படத்திலும் கிடைக்கும்.

படத்தில் இல்லாத ஒன்று இருந்தது. 1992இன் பிற்பகுதியில், ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே, கில்லாரி மக்கள் அடுத்தடுத்து நில அதிர்வுகளை உணர்ந்தார்கள், பயந்தார்கள். அந்த அறிவு எந்தத் தாளிலும் கோடாக ஏறவில்லை. இதை மக்களின் மரபறிவு என்று கொண்டாடுவது எனக்கு உடன்பாடில்லை. அடுத்த வருஷம் என்ன வரும் என்று அவர்களுக்கும் தெரியாது, இத்தகைய சின்ன நடுக்கங்கள் பெரும்பாலும் அப்படியே அடங்கியும் போகும். ஆனால் அதுவும் ஒரு வாசிப்புக்கான தடயம். அதைப் பதிவுசெய்யும் கருவிகளை அந்த ஊரில் நெருக்கமாக வைத்திருக்க வேண்டும் என்று கேட்பதற்குச் செயற்கைக்கோள் தேவையில்லை. 2002இல் மண்டல வரைபடத்தைத் திருத்தியபோது ஒன்றாம் மண்டலம் என்பதையே எடுத்துவிட்டார்கள். கில்லாரி மூன்றாவதுக்குப் போயிற்று.

ஜைதாப்பூர் விவகாரத்தைக் கில்லாரிக்குப் பிறகு வைத்துத்தான் படிக்க வேண்டும். கொங்கணக் கடற்கரையில், அதே பசால்ட்டும் அதன்மேல் செம்புரைக்கல்லும் மூடிய பீடபூமியில், ஆறு அணுஉலைகளுக்குத் திட்டம். 1967இல் கொய்னா அணையருகே நடுக்கம் வந்த இடம் அங்கிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். 2011 ஏப்ரலில் போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஒருவர் இறந்தார். அந்த ஆண்டு நவம்பரில் ரோஜர் பில்ஹமும் வினோத் கௌரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை 'இங்கே பிளவு இருக்கிறது' என்று சொல்லவில்லை. கொய்னா, லாத்தூர் அளவுக்கு ஒரு நடுக்கம் அங்கே வருவதற்கான வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லை என்று தள்ளப் போதுமான தகவல் இல்லை என்பதுதான் அதன் சாரம். கோடு தெரியவில்லை என்பதும் பிளவு இல்லை என்பதும் ஒன்றல்ல என்ற எளிய விஷயம். அரசுத் தரப்பினர் முதலாவதைச் சொல்லி இரண்டாவதாக நம்பச் சொன்னார்கள். நம் தரப்பிலும் சிலர், கோடு ஒன்று தெரிகிறது, ஆகவே பிளவு ஓடுகிறது என்றார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் பில்ஹம் டில்லி விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டார். விசா விதிமீறல்தான் காரணம் என்று அதிகாரிகள் தரப்பில் சொல்லப்பட்டதாகச் செய்தி வந்தது; கட்டுரைதான் காரணம் என்று சந்தேகித்தவர்களும் உண்டு. 1975இல் சீனா போக முடியாதவர்களுக்குப் படமாவது கைகொடுத்தது. பசால்ட் மூடிய நிலத்தில் படம் கைகொடுக்காது. அங்கே பள்ளம் வெட்டிப் பார்க்க வேண்டும், துளையிட வேண்டும், நிலநடுக்கமானி வைத்துக் காத்திருக்க வேண்டும். அதற்கு அனுமதி அரசின் கையில்.

படம் யார் கையில் என்ற கேள்வி முன்பு இன்னும் கூர்மையாக இருந்தது. 1980களில் லேண்ட்சாட்டைத் தனியாரிடம் கொடுத்தபோது ஒரு படம் 4,000 டாலருக்கு மேல் போயிற்று. மூன்றாம் உலகப் பல்கலைக்கழகம் ஒன்று அதை நினைத்தும் பார்க்க முடியாது. 2008இல் எல்லாம் இலவசமாயிற்று. 2000 பிப்ரவரியில் ஒரு விண்ணோடம் பதினோரு நாளில் ரேடாரால் உலகின் மேடுபள்ளங்களை அளந்தது. அமெரிக்க நிலத்துக்கு 30 மீட்டர் நுட்பத்தில் பொதுவில் கொடுத்தார்கள், மற்ற நாடுகளுக்கு 90 மீட்டர்தான். அந்த வித்தியாசத்தைத் தளர்த்தத் தொடங்கியது 2014இல். இந்தியாவின் 2001ஆம் ஆண்டுக் கொள்கை 5.8 மீட்டருக்கு மேல் நுட்பமான படங்களுக்கு வடிகட்டல் வைத்தது. 2011இல் அது ஒரு மீட்டராகத் தளர்ந்தது. இன்று ஆஸ்டரும் இலவசம். விலை கொடுத்து வாங்கிய காலத்தில் படத்தோடு வாசிக்கத் தெரிந்த ஆளும் கூடவே வந்தார். இப்போது படம் மட்டும் வருகிறது.

ஆகவே நண்பர்கள் அடுத்த முறை ஒரு படத்தில் கோட்டைக் காட்டும்போது சில விஷயங்களைக் கூடவே சொன்னால் எதிர்த்தரப்பு நிபுணருக்கு வேலை கஷ்டமாகும்: எந்தக் கோள், எந்த மாதம், எந்த வேளை, ஒரு துண்டு எத்தனை மீட்டர், கோட்டை எத்தனை பேர் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தார்கள், கோட்டைக் கடக்கும் ஓடைகளில் எத்தனை விலகியிருக்கின்றன, எந்தப் பக்கம், கோட்டின்மேல் நடந்து பார்த்தது யார், எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் பாறை நொறுங்கியிருக்கிறது. கடைசிக் கேள்விக்குப் பதில் அந்த ஊர்க் கிணறு வெட்டுகிறவர்களிடமும் போர்வெல் லாரிக்காரர்களிடமும் இருக்கும். அவர்களிடம் போய்க் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.